அவள் ஊரில் அரையிறுதி

பிப்ரவரி 27, வெள்ளி

பல் மருத்துவமனைக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. பழுது பார்க்கப் போனேன். உள்ளே ஒரு பெண்மணி, கன்னத்தில் பஞ்சு அடக்கியபடி. வாய் மரத்துப்போயிருந்ததால் அவர் என்னைத் திட்டியதில் ஒரு சொல்கூடப் புரியவில்லை. நல்லதாகப் போயிற்று.

அவரை இறக்கிவிட்டு லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது வாத்தியார் கூப்பிட்டார். கால்பந்து மைதானத்தின் கிழக்கு வரிசையில் எனக்கு இடப்பக்கம் உட்காருகிறவர். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"குலுக்கல் முடிஞ்சுதுப்பா. கோப்பை அரையிறுதி. முதல் ஆட்டம் வெளியில, ரெண்டாவது நம்ம மைதானத்துல. வெளியிலன்னா எங்க தெரியுமா?"

சொன்னார்.

"என்னப்பா, விழுந்துட்டியா?"

விழவில்லை. அது அவள் இருக்கும் ஊர்.

மார்ச் 1, ஞாயிறு

அவளிடம் சொன்னேன். அவள் ஹோட்டலின் சலவைப் பிரிவில் இருந்தாள். எப்போது பேசினாலும் பின்னால் அந்த எந்திரங்களின் ஓசை. முதல் வருஷம் அது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த ஓசை இல்லாமல் அவள் குரல் கேட்டால்தான் என்னவோ ஏதோ என்று பதறுகிறேன்.

"பதினேழாம் தேதி மேட்ச். பதினஞ்சே வந்துடறேன். ஒரு வாரம் இருப்பேன்."

"நெஜமாவா?" என்றாள். பிறகு யாரையோ அதட்டினாள்: "அந்தப் போர்வைய எடுக்காத, இன்னும் ஈரமா இருக்கு." பிறகு மறுபடியும், மெல்ல: "நெஜமாத்தானே?"

இரண்டு வருஷம் என்றுதான் போனாள். மேற்பார்வையாளர் பதவி, அதுவும் அவ்வளவு பெரிய ஹோட்டலில். நான்தான் போ என்றேன். இரண்டு நான்கானது. கடைசியாக அவள் வந்துபோய் ஒன்றரை வருஷம். நான் ஒரு முறையும் போனதில்லை. லீவு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

கீழ்வீட்டில் இருக்கும் அக்கா விஷயத்தைக் கேட்டதும் கரண்டியோடு வெளியே வந்தாள். "நாலு வருஷமா பொண்டாட்டியப் பாக்க லீவு கிடைக்கல. பந்தப் பாக்கக் கிடைச்சிடுச்சா?"

சிரித்துவிட்டு மாடியேறினேன். மூன்றாவது படியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது.

மார்ச் 4, புதன்

லீவு கிடைத்தது. விமான டிக்கெட் போட்டாயிற்று. மைதான டிக்கெட்டும் வந்துவிட்டது, வெளியூர் ரசிகர்களுக்கான மூலையில்.

மார்ச் 8, ஞாயிறு

வென்றோம். ஆனால் இன்று எழுத நினைத்தது ஆட்டத்தை அல்ல.

எனக்கு வலப்பக்கத்து ஆள் டமாரம். அவன் அப்பா அம்மா வைத்த பெயர் கிழக்கு வரிசையில் யாருக்கும் நினைவில்லை. ஆட்டம் முழுக்க முரசு அடிப்பான். அவன் அடிக்க, நாங்கள் கத்த, பழக்கமாகிவிட்டது. விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. நான் டிக்கெட் போட்டிருக்கிற அதே விமானக் கம்பெனி.

இடைவேளையில் சொன்னான், "அண்ணே, வேலைநிறுத்தம் வரும்போல இருக்கு."

"எப்போ?"

"பேச்சுவார்த்தை நடக்குது. விமானத்தோட வயித்துக்குள்ள நிமிர முடியாதுண்ணே. முட்டி போட்டுத்தான் பெட்டி அடுக்கணும். ஆறு பேர் பாத்த வேலைய நாலு பேர் பாக்கறோம். உள்ள பரிமாறுற பொண்ணுங்களுக்குத் தூங்கவே நேரம் கொடுக்கறதில்ல. அவங்களும் எங்களோட சேந்துட்டாங்க."

நியாயம்தான் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆளைக் குறைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும். எங்கள் கம்பெனியில் இருவராகப் போன வேலைக்கு இப்போது ஒருவனாகப் போகிறேன். லிஃப்டின் கூரையில் தனியாக நிற்கும்போது கால் இடறினால் கூப்பிட ஆளில்லை.

நியாயம்தான். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது வேண்டிக்கொண்டேன்: பதினைந்துக்கு அப்புறம் வரட்டும்.

மார்ச் 12, வியாழன்

பேச்சுவார்த்தையில் முன்னேற்றம் என்று வானொலி சொல்கிறது. பெட்டி கட்டினேன். அவளுக்குப் பிடித்த அந்தச் சந்தன சோப்பு, அங்கே கிடைக்காதாம். வைத்தேன்.

மார்ச் 13, வெள்ளி

முறிந்தது. இன்று காலையிலிருந்து அந்தக் கம்பெனியின் எல்லா விமானங்களும் ரத்து. அவள் ஊருக்குப் பறப்பது அது ஒன்றுதான்.

ஏன்? ஒரு வாரம் பொறுக்கக் கூடாதா? நாலு வருஷம் பொறுத்தவன் நான் கேக்கறேன், ஒரு வாரம்!

மார்ச் 14, சனி

போகக் கூடாதுதான். போனேன்.

விமான நிலைய வாசலில் பெரிய கூட்டம். ஒருபக்கம் அட்டை பிடித்துக்கொண்டு ஊழியர்கள். இன்னொரு பக்கம் பெட்டிகளின்மேல் உட்கார்ந்திருக்கும் பயணிகள், அழுகிற குழந்தைகள். ஊழியர்களின் நடுவில் டமாரம். தோளில் அதே முரசு. கோஷத்துக்கு ஏற்ப அடித்துக்கொண்டிருந்தான் — நம்ம தாளம். நம்ம கிழக்கு வரிசைத் தாளம்!

அதைக் கேட்டதும் எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

"அண்ணே" என்று ஓடி வந்தான்.

"அண்ணனாவது நொண்ணனாவது. என் பொண்டாட்டிய நான் பாக்கக் கூடாதுன்னு முரசு அடிக்கறியா?"

அவன் முகம் சுருங்கியது. "அண்ணிய பாக்கப் போறேன்னு நீங்க சொல்லவே இல்லியேண்ணே. மேட்ச்சுன்னுதானே சொன்னீங்க."

நான் திரும்பி நடந்தேன்.

உண்மை. வரிசையில் யாரிடமும் அவளைப் பற்றிச் சொன்னதில்லை. மேட்ச் மேட்ச் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் இன்னொன்று தெரிந்தது. கிளப் வேறொரு கம்பெனியின் தனி விமானம் பிடித்து வீரர்களை அனுப்பிவிட்டது. சரி, அவர்கள் ஆடத்தானே வேண்டும். ஆனால் அவர்கள் போகப் பாதி விமானம் மிச்சமாம். அந்த இடங்களில் விளம்பரதாரர்களும் அவர்கள் குடும்பமும். கிளப் தலைவர் ஏணிப்படியில் நின்று கையசைத்துக்கொண்டே பேட்டி கொடுத்திருக்கிறார்: "ரசிகர்கள்தான் எங்கள் உயிர்." உயிரைத் தரையில் விட்டுவிட்டு உடம்பு மட்டும் பறந்துபோயிற்று. இந்த மனுஷனுக்காகவா மழையிலும் வெயிலிலும் தொண்டை கிழியக் கத்தினோம்? இல்லை. இவருக்காக இல்லை. அந்தச் சட்டைக்காக. அதையும் எத்தனை நாள் சொல்லிச் சமாளிப்பது?

மார்ச் 16, திங்கள்

மதியம், ஒரு அலுவலகக் கட்டடத்தின் எந்திர அறையில் இருந்தபோது அவள் கூப்பிட்டாள். நான் வராதது தெரிந்த நாளிலிருந்து அவள் குரலில் ஒரு ஒட்டாத தன்மை இருந்தது. இன்று இல்லை.

"ஒண்ணு சொல்லவா? உங்க ஆளுங்க எங்க ஹோட்டல்லதான் தங்கியிருக்காங்க."

"எந்த ஆளுங்க?"

"உங்க டீம்தான். பயிற்சி முடிஞ்சு மூட்டை மூட்டையா துணி வந்துருக்கு. இப்ப என் கையில ஒம்பதாம் நம்பர் சட்டை."

நான் கருவியைக் கீழே வைத்துவிட்டேன்.

"கேக்குதா?"

"கேக்குது. எப்படி இருக்கு?"

"எப்படி இருக்கும்? நாத்தம் அடிக்குது." சிரித்தாள். "முழங்கைகிட்ட புல்லுக்கறை. லேசுல போகாது. இவரு நெறைய விழுவாரோ?"

"விழுவான். பாதி நடிப்பு."

"கறை நடிப்பு இல்ல."

எங்கள் அணியின் சட்டை அவள் கையில். நான் இங்கே எண்ணெய்க் கையோடு. எதைப் பார்த்துப் பொறாமைப்படுவது என்று தெரியவில்லை. சட்டையைப் பார்த்தா, அவளைப் பார்த்தா?

டக்கென்று சொன்னேன். "என் டிக்கெட்ட உனக்கு அனுப்பறேன். நீ போய்ப் பாரு."

"நானா? எனக்கு என்ன தெரியும்? எந்தப் பக்கம் அடிக்கணும்னே தெரியாது."

"பாதியில பக்கம் மாத்துவாங்க. அது மட்டும் தெரிஞ்சுக்க. போதும்."

மார்ச் 17, செவ்வாய்

அக்கா வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தேன். வாத்தியாரும் வந்திருந்தார். எதிரணி இரண்டு, நாம் ஒன்று.

நமது கோல் விழுந்ததும் கேமரா ஒரு நொடி வெளியூர் ரசிகர்களின் மூலைக்குத் திரும்பியது. ஆயிரம் பேர் இருக்க வேண்டிய இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சிலர். அவர்களில், வேலைக்குப் போகும் சாம்பல் நிறக் கோட்டோடு, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஒரு பெண்.

"ஏய், நம்ம பொண்ணுடா!" என்று அக்கா கத்தினாள்.

அதற்குள் மாறிவிட்டது. மறுபடி காட்டுவார்கள் என்று கடைசிவரை காத்திருந்தேன். காட்டவில்லை. அதற்குப் பிறகு பந்து எங்கே போனது, யார் அடித்தார்கள், எனக்கு எதுவும் தெரியாது. வாத்தியார் கேட்டார், "என்னப்பா, பெனால்டி கொடுக்கலியே, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறே?" நான் அந்தப் பெனால்டியையே பார்க்கவில்லை.

இளைத்திருக்கிறாள்.

முடிந்ததும் பேசினாள். தொண்டை கட்டியிருந்தது. "கோல் போட்டாங்களே, அப்ப பக்கத்துல நின்ன ஒரு பெரியவர் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. எனக்கும் அழுகை வந்துடுச்சு. எதுக்குன்னே தெரியல. இங்க வந்ததுலேருந்து யாரும் என்னைத் தொட்டுப் பேசினதில்லீங்க."

பிறகு கேட்டாள். கோபமாக இல்லை, சண்டைக்கும் இல்லை. "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. இந்த மேட்ச் இல்லைன்னா வந்திருப்பீங்களா?"

மார்ச் 18, புதன்

நேற்று நான் பதில் சொல்லவில்லை. "லைன் சரியில்ல" என்றேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

உள்ளூர் லீக் ஆட்டம். டமாரம் வந்தான். முரசை உறையிலிருந்து எடுப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருவன், "வேலை பாக்காதவனுக்கு ஆட்டம் ஒரு கேடா" என்றான். இன்னொருவன் காகிதக் கோப்பையை வீசினான். மிச்சமிருந்த தேநீர் டமாரத்தின் கழுத்தில் வழிந்தது. வாத்தியார்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரும் போக முடியாமல் போனவர்தானே.

டமாரம் எழுந்தான். அவன் எழுந்ததைப் பார்த்தேன். முன்னிருக்கையைப் பிடித்து, ஒரு கையை முட்டியில் ஊன்றி, வயதானவன் மாதிரி. முப்பத்தைந்துகூட ஆகாத ஆள். இத்தனை வருஷமாய்ப் பக்கத்திலேயே இருந்தும் இதைக் கவனித்ததில்லையே நான்.

கையைப் பிடித்தேன். "உக்காரு."

"வேணாம்ணே. அன்னிக்கு நீங்களே..."

"அன்னிக்குச் சொன்னது சொன்னதுதான். தப்பு. இப்ப உக்காரு."

பிறகு பின்னால் திரும்பி அந்த ஆளிடம் சொன்னேன், "உன் பெட்டியத் தூக்கித் தூக்கித்தான் இவன் முட்டி போச்சு. வீசறதுன்னா என் மேல வீசு." அவன் ஏதோ முணுமுணுத்துவிட்டு மைதானத்தைப் பார்த்தான்.

டமாரம் இன்று அடிக்கவில்லை. முரசை மடியில் வைத்துக்கொண்டே ஆட்டத்தைப் பார்த்தான். கிழக்கு வரிசை இவ்வளவு அமைதியாக இருந்து நான் கண்டதில்லை. கடைசியில் வாத்தியார் என்னைத் தாண்டிக் கையை நீட்டி அவனுக்குத் தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

மார்ச் 28, சனி

வேலைநிறுத்தம் முடிந்தது. ஓய்வு நேரத்துக்கு ஒத்துக்கொண்டார்களாம். பெட்டி ஏற்றப் பழையபடி ஆறு பேர். டமாரம் கூப்பிட்டு, "ஜெயிச்சிட்டோம்ணே" என்றான். எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

விமானக் கம்பெனியிலிருந்தும் செய்தி. ரத்தான பயணத்துக்குப் பதிலாக வேறு தேதி எடுத்துக்கொள்ளலாம். தேங்கிப்போன கூட்டம் அவ்வளவு என்பதால் இரண்டே வாய்ப்பு: ஏப்ரல் 7, இல்லாவிட்டால் மே மாதக் கடைசி.

மேயில் அவளுக்கு லீவு கிடையாது. ஹோட்டலில் கருத்தரங்குக் காலம். ஏப்ரல் 8-லிருந்து ஒரு வாரம் கேட்டால் கிடைக்கும் என்கிறாள்.

ஏப்ரல் 7 மாலை இரண்டாவது அரையிறுதி. நம் மைதானத்தில். ஒரே ஒரு கோல் வித்தியாசம். கிளப் பிறந்ததிலிருந்து இறுதி ஆட்டத்தை எட்டிப் பார்த்ததில்லை.

மார்ச் 30, திங்கள்

ஏழாம் தேதியே போட்டுவிட்டேன். சந்தோஷமாகப் போட்டேன் என்று எழுத ஆசைதான். பொய் எழுத இது இடமில்லை.

வாத்தியாரிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இருபது வருஷமா ஒரு ஆட்டம் விடாதவன் நீ. காய்ச்சலோட வந்து உக்காந்தவன். நம்ம வாழ்நாள்ல இது ஒரு தடவதாம்பா வரும்."

"தெரியும் சார்."

"அப்புறம்?"

"அவ நாலு தடவ வந்துட்டுப் போயிட்டா. நான் ஒரு தடவகூடப் போகல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

ஏப்ரல் 2, வியாழன்

அவளிடம் தேதி சொன்னேன். மேட்ச் பற்றி வாய் திறக்கவில்லை.

"ஏழாம் தேதியா?" என்றாள். "அன்னிக்கு உங்க மேட்ச்சு இல்ல?"

அந்தப் பெரியவர் சொன்னாராம். அன்றிலிருந்து இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள். அவளுக்கு அட்டவணை முழுதும் மனப்பாடம்.

"ஆமா."

"தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

"தெரிஞ்சேதான்."

சலவை எந்திரங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "வரும்போது பழைய கம்பளிப் போர்வைய எடுத்துட்டு வாங்க. இங்க குளிரும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

விமான நிலையம். பகல் மூன்று மணி. புறப்பட இன்னும் நேரம் இருக்கிறது.

வரும் வழியெல்லாம் எதிர்த்திசையில் போகும் பேருந்துகள். ஜன்னல்களில் நம் கொடி, நம் துண்டு. ஒரு பையன் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "அங்கிள், மைதானம் இந்தப் பக்கம்!" என்று கத்தினான். எனக்குத் தெரியாதா மைதானம் எந்தப் பக்கம் என்று?

டமாரத்துக்கும் இன்று ஷிஃப்ட். லீவு கேட்டானாம், வேலைநிறுத்தம் முடிந்த கையோடு யார் கொடுப்பார்கள்? போனில், "நீங்களும் போகல, நானும் போகல. வரிசையில வாத்தியார் மட்டும் தனியா உக்காந்து பூகோளம் படிக்கப் போறாரு" என்றான். இருவரும் சிரித்தோம்.

"உங்க பெட்டி என்ன நிறம்ணே?"

"பச்சை. ஏன்?"

"பாத்து வைக்கறேன்."

ஏப்ரல் 8, புதன்

வெளியே வரும் கதவருகில் அவள். அந்தச் சாம்பல் நிறக் கோட்டு. ஓடிப்போய்க் கட்டிக்கொள்வோம் என்றெல்லாம் விமானத்தில் நினைத்தேன். இரண்டு பேரும் அப்படியே நின்றோம், பெண் பார்க்க வந்த நாள் மாதிரி. அவள்தான் முதலில் என் சட்டைக் காலரைத் தொட்டாள். "இத யாரு துவைச்சது? இவ்வளவு அழுக்கு."

அப்புறம் என் தோளில் முகத்தை வைத்தவள் எடுக்கவே இல்லை.

ஆட்ட முடிவை அவளே சொன்னாள், பேருந்தில் வரும்போது. இரண்டுக்கு ஒன்று, பிறகு பெனால்டியில் வென்றோம். இறுதி ஆட்டத்துக்குப் போகிறோம். பெரியவர் அழுதுகொண்டே போன் செய்தாராம்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கிழக்கு வரிசை எப்படி இருந்திருக்கும்? வாத்தியார் யாரைக் கட்டிப் பிடித்திருப்பார்? நான் அங்கே இல்லையே. அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி. ஒரு தட்டு, ஒரு டம்ளர். நான்கு வருஷத்தில் அவள் அனுப்பிய படங்களில் பார்த்ததெல்லாம் அவள் முகமும் பின்னால் இருந்த வெள்ளைச் சுவரும்தான். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. முதலில் நான் சாப்பிட்டேன். தட்டைக் கழுவி அவள் சாப்பிட்டாள்.

ஏப்ரல் 14, செவ்வாய்

நாளைக்குத் திரும்புகிறேன். பகலில் அவளோடு கடைக்குப் போய்த் தட்டு வாங்கினோம். "ஒரு வாரம் கழிச்சா வாங்கறது?" என்று கேலி செய்தாள். வழியில் லிஃப்ட் கம்பெனி ஒன்றின் பலகையைப் பார்த்தேன். உள்ளே போய் வேலை உண்டா என்று விசாரித்தேன். அவள் வெளியே தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை என் கையில் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

புது சீசனின் முதல் ஆட்டம். அங்கே மாலை, இங்கே இன்னும் மதிய வெயில். போனில் வானொலி நேர்முக வர்ணனை. தூங்குகிறவளை எழுப்பாமல் காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் இடத்தை வாத்தியாரின் மகளுக்குக் கொடுத்தாகிவிட்டது. பரவாயில்லை என்று எழுதப் பார்த்தேன். எழுத வரவில்லை. இங்கே புது வேலை பழகிவிட்டது. திங்கட்கிழமை துறைமுக அலுவலகத்தில் இரண்டு லிஃப்ட், கூட ஒரு ஆள் வருகிறான். இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவளுக்குக் கதவைத் திறந்துவிட நான் இருக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கால் தானாக எழுந்து எங்கோ போகப் பார்க்கிறது.

ஒன்பதாம் எண் பந்தோடு ஓடினான். வர்ணனையாளர் குரல் ஏறியது. அதற்குமேல் வார்த்தை எதுவும் கேட்கவில்லை. அத்தனை பேரும் ஒன்றாக எழுந்துவிட்டார்கள்.

அவள் புரண்டு படுத்தாள். கண்ணைத் திறக்காமலே கேட்டாள், "நம்ம ஊர்ல மழையா?"

"மழை இல்லம்மா. நம்ம ஜனம்."

"சத்தமா வைங்க" என்று சொல்லிவிட்டுத் தலையணையை என் பக்கம் நகர்த்தினாள்.